கூட்டாளி நாட்டைப் பாத்து "நிலத்தை விட்டுக்குடு"ன்னு வல்லரசு நெருக்கலாமா? அடிக்கடி கேக்குற கேள்விகள்

இந்த விஷயத்தைப் பத்தி பேச்சு வரும்போதெல்லாம் அதே பத்துப் பதினஞ்சு கேள்விங்கதான் சுத்திச் சுத்தி வருது, ஒவ்வொரு தடவையும் முதல்லேருந்து ஆரம்பிக்க வேண்டியிருக்கு, அதனால எல்லாத்தையும் ஒரே இடத்துல எழுதி வச்சிடறேன். நான் நடுநிலைன்னு சொல்லிக்கப் போறதில்ல. நெருக்கக் கூடாதுங்கறதுதான் என் கருத்து. ஆனா எதிர்ப்பக்கம் சொல்றதுல நியாயம் இருக்கற இடத்தை ஒளிக்காம சொல்லியிருக்கேன்.

இப்ப எதுக்கு இந்தப் பேச்சு?

உக்ரைன்தான் காரணம். 2025 ஆகஸ்ட் 15 அன்னிக்கு அலாஸ்காவுல ட்ரம்பும் புடினும் உக்காந்து பேசினாங்க, எந்த நாட்டோட நிலத்தைப் பத்திப் பேசினாங்களோ அந்த நாட்டு அதிபர் அங்க இல்ல. அப்புறம் நவம்பர்ல 28 அம்சத் திட்டம்னு ஒண்ணு வெளிய வந்துச்சு. கிரைமியா, லுஹான்ஸ்க், டொனெட்ஸ்க் மூணையும் நடைமுறையில ரஷ்யாவோடதுன்னு ஏத்துக்கணும், டொனெட்ஸ்க்ல உக்ரைன் ராணுவம் இன்னும் கையில வச்சிருக்கற பகுதியிலேருந்து அவங்களே வெளிய வந்துடணும், ராணுவத்தை 6 லட்சம் பேருக்கு மேல வச்சுக்கக் கூடாது, நேட்டோவுல சேர மாட்டோம்னு அரசியல் சாசனத்துலயே எழுதணும். இதுக்கு சில நாள் கெடுவும் வச்சாங்க. அப்புறம் அந்தத் திட்டத்தை ஜெனீவாவுல உக்காந்து மாத்தினாங்க, குறைச்சாங்க, அது வேற கதை. ஆனா சண்டையில பிடிக்க முடியாத இடத்தையும் சேத்துக் குடுங்கன்னு கேட்டது எதிரி மட்டும் இல்ல, ஆயுதம் குடுத்துட்டிருந்த நண்பனும் கேட்டாங்கறதுதான் நிறைய பேரைத் தூக்கிவாரிப் போட்டுச்சு.

உக்ரைன் அமெரிக்காவோட கூட்டாளியே இல்லையே, ஒப்பந்தம் எதுவும் கிடையாதே?

சரிதான், நேட்டோ மாதிரி "உன்னை அடிச்சா நான் வருவேன்"னு சொல்ற ஒப்பந்தம் கிடையாது. ஆனா வெறுங்கையும் இல்ல. சோவியத் யூனியன் உடைஞ்சப்போ உக்ரைன் மண்ணுல சுமார் 1,900 தொலைதூர அணுகுண்டு முனைகள் இருந்துச்சு, எண்ணிக்கையில உலகத்துல மூணாவது இடம். இயக்குற கன்ட்ரோல் மாஸ்கோ கையிலதான் இருந்துச்சுங்கறது உண்மை, ஆனா பொருள் இவங்க மண்ணுல கிடந்துச்சு. அதைக் குடுத்துடுங்கன்னு ரொம்ப அழுத்திக் கேட்டவங்கள்ல அமெரிக்காவும் ஒண்ணு. 1994 டிசம்பர் 5, புடாபெஸ்ட்ல ஒரு பேப்பர்ல அமெரிக்கா, பிரிட்டன், ரஷ்யா மூணும் கையெழுத்துப் போட்டு உக்ரைனோட எல்லையை மதிப்போம்னு எழுதிக் குடுத்தாங்க. 1996க்குள்ள கடைசிக் குண்டும் ரஷ்யாவுக்குப் போயிடுச்சு. 2014ல கிரைமியா ரஷ்யா கைக்குப் போச்சு. அந்தப் பேப்பர்ல உத்தரவாதம்ங்கற வார்த்தையைத் தவிர்த்துட்டு அதைவிட லேசான உறுதிமொழிங்கற வார்த்தையைத்தான் போட்டாங்க, அந்த ஒத்தை வார்த்தையை வச்சு இன்னிக்கும் வக்கீலுங்க வாதாடறாங்க. வக்கீல் எப்படிப் படிச்சாலும், ஒருத்தன்கிட்டேருந்து அவனோட காவலை வாங்கிட்டு எழுதிக் குடுத்த பேப்பர் அது, அதுல கையெழுத்துப் போட்டவன் நிலத்தைக் குடுன்னு சொல்ற வரிசையில முதல்ல நிக்கக் கூடாது.

அறிவுரை சொல்றதுக்கும் நெருக்கறதுக்கும் என்ன வித்தியாசம்? ரெண்டும் ஒண்ணுதானே?

இல்லவே இல்ல. "உன்னால ஜெயிக்க முடியாதுன்னு எனக்குத் தோணுது, இதுக்கு மேல என்னால பணம் தர முடியாது, யோசிச்சுக்கோ"ன்னு சொன்னா அது அறிவுரை. கேக்கறதுக்குக் கசப்பா இருக்கும், ஆனா முடிவு அவன்கிட்டயே இருக்கு. அவன் உயிரோட இருக்கறதுக்கே வேண்டிய ஒண்ணைக் கையில பிடிச்சுக்கிட்டு "கையெழுத்துப் போடறியா, நிறுத்தட்டுமா"ன்னு கேக்கறது நெருக்கறது.

2025 மார்ச்ல இது எப்படி நடந்துச்சுன்னு பாருங்க. பிப்ரவரி 28 வெள்ளை மாளிகையில ட்ரம்புக்கும் உக்ரைன் அதிபர் ஜெலென்ஸ்கிக்கும் கேமரா முன்னாடியே வாக்குவாதம். அடுத்த சில நாள்ல ராணுவ உதவி நின்னுச்சு, அப்புறம் உளவுத் தகவலும் நின்னுச்சு. உளவுத் தகவல்னா ஏதோ ரகசிய ஃபைல்னு நினைக்காதீங்க, ஏவுகணை எங்கேருந்து கிளம்பிச்சு, எந்தத் திசையில வருதுங்கற தகவலும் அதுல அடக்கம், அது லேட்டானா ஊர்ல சைரன் லேட்டா அடிக்கும், ஜனங்க பங்கருக்கு ஓடறதுக்கு இருக்கற நிமிஷம் குறையும். மார்ச் 11 அன்னிக்கு ஜெட்டாவுல உக்ரைன் போர்நிறுத்தத்துக்குச் சம்மதிச்ச உடனே எல்லாம் திரும்ப வந்துச்சு. அன்னிக்குக் கேட்டது நிலம் இல்ல, போர்நிறுத்தம்தான், அதையும் சொல்லணும். ஆனா குழாயை எங்க மூடணும், மூடினா எத்தனை நாள்ல வழிக்கு வருவாங்கங்கறது அன்னிக்கு எல்லாருக்கும் தெரிஞ்சு போச்சு.

எதுக்கெடுத்தாலும் 1938 மியூனிக்கை இழுக்கறீங்களே, அப்படி என்னதான் நடந்துச்சு?

நிறைய பேர் பேரை மட்டும் சொல்லிட்டுப் போயிடறாங்க, உள்ள என்ன நடந்துச்சுன்னு சொல்றதில்ல, அதனால கொஞ்சம் விரிவாவே சொல்றேன்.

செக்கோஸ்லோவாக்கியாவுக்கும் பிரான்ஸுக்கும் 1920கள்லயே போட்ட கூட்டணி ஒப்பந்தம் இருந்துச்சு. எல்லையோரம் சுடேட்டன் பகுதியில ஜெர்மன் பேசற ஜனங்க சுமார் 30 லட்சம் பேர், அதைக் காரணம் காட்டி ஹிட்லர் அந்தப் பகுதியைக் கேட்டார். அந்தப் பகுதியிலதான் மலையும் இருந்துச்சு, செக் காரங்க பல வருஷமா கட்டின காங்கிரீட் அரண்களும் இருந்துச்சு. 1938 செப்டம்பர் 21 விடியக்காலம் ரெண்டு மணிக்கு பிரிட்டன் தூதரும் பிரான்ஸ் தூதரும் அதிபர் பெனெஷைப் பாக்கப் போனாங்க. ஜெர்மன்காரங்க பாதிக்கு மேல இருக்கற பகுதியைக் குடுத்துடுங்க, மாட்டேன்னு சொல்லி சண்டை வந்தா நாங்க வர மாட்டோம்னு சொல்லிட்டாங்க. அதுக்கப்புறம் ஹிட்லர் இன்னும் அதிகமா கேட்டார், செக் நாடு செப்டம்பர் 23 அன்னிக்குப் படையைத் திரட்டுச்சு, பத்து லட்சத்துக்கு மேல ஆளுங்க எல்லைக்குப் போனாங்க. சண்டை போடத் தயாரா இருந்த நாடு அது, இதை மறந்துடாதீங்க.

அப்புறம் மியூனிக். ஹிட்லர், இத்தாலியோட முசோலினி, பிரிட்டன் பிரதமர் சேம்பர்லின், பிரான்ஸ் பிரதமர் தலாதியே நாலு பேர் ஒரு ரூம்ல. செக் சார்புல போன ரெண்டு பேர், மாஸ்னியும் மாசரிக்கும் (ஹூபர்ட் மாசரிக், வெளியுறவுத் துறை அதிகாரி), ஒரு ஹோட்டல்ல, ஜெர்மன் போலீஸ் காவல்ல உக்காந்திருந்தாங்க. நடுராத்திரி தாண்டி ஒன்றரை மணிக்கு மேல அவங்களைக் கூப்பிட்டு, முடிஞ்சு போன ஒப்பந்தத்தையும் ஒரு மேப்பையும் கையில குடுத்தாங்க. மாசரிக் எழுதி வச்ச குறிப்புல இருக்கு, அவங்க பேசிட்டிருக்கும்போது சேம்பர்லின் கொட்டாவி விட்டுட்டே இருந்தாராம். எங்க அரசாங்கத்துகிட்டேருந்து பதில் எதிர்பாக்கறீங்களான்னு இவங்க கேட்டதுக்கு, பதில் வேணாம், நீங்க ஒத்துக்கிட்டதாவே எடுத்துக்கறோம்னு சொல்லிட்டாங்க. ஒரு நாட்டோட எல்லையை மாத்திட்டு, அந்த நாட்டுக்காரன் என்ன சொல்றான்னு கேக்கறதுக்குக்கூட அவசியம் இல்லன்னு நினைச்ச ராத்திரி அது. "நம்மளைப் பத்தி, நாம இல்லாம"ன்னு செக் மொழியில ஒரு சொல் இருக்கு, அந்த ராத்திரியைப் பத்திப் பேசும்போது இன்னிக்கும் அவங்க அதைத்தான் சொல்றாங்க.

அக்டோபர் 5 பெனெஷ் ராஜினாமா. பக்கத்துல இருந்த போலந்தும் ஹங்கேரியும் ஆளுக்கொரு துண்டைப் பிடுங்கிக்கிச்சு. 1939 மார்ச் 15 ஜெர்மன் படை பிராகுக்குள்ள வந்துடுச்சு, அரண் எல்லாம் ஏற்கனவே குடுத்தாச்சே, எதை வச்சுத் தடுக்கறது.

ஆனா அதனால பிரிட்டனுக்கு ஒரு வருஷம் டைம் கிடைச்சுதே?

இது லேசுப்பட்ட வாதம் இல்ல, சரித்திரம் படிச்சவங்களே சொல்றாங்க. 1938ல பிரிட்டன்கிட்ட ஸ்பிட்ஃபயர் விமானம் விரல்விட்டு எண்ற அளவுதான், ரேடார் வரிசை முழுசா முடியல, 1940ல ரெண்டும் காப்பாத்துச்சு. ஒத்துக்கறேன். ஆனா அந்த ஒரு வருஷம் எதிரிக்கும் கிடைச்சுதே. செக் நாட்டோட ஸ்கோடா ஆலை, பீரங்கி, டாங்கி எல்லாம் ஜெர்மனி கைக்குப் போச்சு. 1940ல பிரான்ஸுக்குள்ள பாஞ்ச ஜெர்மன் டாங்கிப் படையில செக் டாங்கிங்க நூத்துக்கணக்குல இருந்துச்சு, ரோம்மல் தளபதியா இருந்த டிவிஷன்ல கிட்டத்தட்ட பாதி அதுதான். கூட்டாளியைக் கைவிட்ட பிரான்ஸ் மேலயே கூட்டாளியோட டாங்கி ஏறிச்சு. இன்னொண்ணு, டைம் வாங்கறது பிரிட்டனோட தேவை, அதுக்கு விலை குடுத்தது செக் ஜனங்க. ஊரான் வீட்டு நெய்யேம்பாங்களே, அதுதான்.

மியூனிக் தவிர வேற உதாரணமே இல்லையா?

இருக்கு, எனக்கு மியூனிக்கை விட மனசைப் பிசையறது போலந்து. 1939ல பிரிட்டன் போருக்குப் போனதே போலந்துக்காக. அந்த நாடு விழுந்தப்புறமும் போலிஷ் ஆளுங்க பிரிட்டனோட சேந்து சண்டை போட்டாங்க, பைலட்டுங்க லண்டன் வானத்துல, 1944 மே மாசம் இத்தாலியில மோன்டே கசினோ மலை உச்சியில கொடி நட்டது போலிஷ் படைதான். அந்தப் படையில நிறைய பேரோட சொந்த ஊர் போலந்தோட கிழக்குப் பகுதி. அந்தக் கிழக்குப் பகுதியை ஸ்டாலினுக்குக் குடுக்கறதுன்னு 1943 கடைசியில தெஹ்ரான்லயே பெரியவங்க மூணு பேரும் (ரூஸ்வெல்ட், சர்ச்சில், ஸ்டாலின்) பேசி வச்சிட்டாங்க, மலை ஏறிட்டிருந்தவங்களுக்குத் தெரியாது. 1944 அக்டோபர்ல மாஸ்கோவுல, நாட்டுக்கு வெளியேருந்து இயங்கின போலிஷ் அரசாங்கத்தோட பிரதமர் மிகோவாய்ச்சிக் வாதாடிட்டிருக்கும்போது, ரூஸ்வெல்ட்டும் தெஹ்ரான்லயே இதுக்கு ஒத்துக்கிட்டார்னு சோவியத் வெளியுறவு அமைச்சர் மொலோட்டோவ் போட்டு உடைச்சார். சர்ச்சில் மிகோவாய்ச்சிக்கைத் தனியாக் கூப்பிட்டு ஒத்துக்கோன்னு கோபமா நெருக்கினார். நவம்பர்ல மிகோவாய்ச்சிக் ராஜினாமா பண்ணிட்டார்.

சர்ச்சிலுக்கு வேற வழி இருந்துச்சான்னு கேட்டா, பெருசா இல்ல, சோவியத் படை ஏற்கனவே அந்த மண்ணுல நின்னுச்சு. மேற்குல ஜெர்மனியோட நிலத்தை ஈடா குடுத்தாங்க. ஆனா அந்தப் படை வீரனுக்கு இதையெல்லாம் முன்னாடியே சொல்லல. கிழக்குப் பகுதியில இருந்த லுவூஃப் ஊர்க்காரன் இத்தாலியில செத்துக்கிட்டிருக்கும்போது அவன் ஊர் அடுத்தவன் ஊராயிடுச்சு.

அப்போ கூட்டாளியை எதுக்குமே அழுத்தக் கூடாதுங்கறீங்களா?

இல்ல. அந்த நிலம் யாரோடதுன்னு முதல்ல பாருங்க. 1956ல இஸ்ரேல் படை சினாய் பாலைவனத்தையும் காஸாவையும் பிடிச்சுச்சு, பிரிட்டனும் பிரான்ஸும் சூயஸ் கால்வாய்ல இறங்கினாங்க. அமெரிக்க அதிபர் ஐசனோவர் அவரோட நண்பர்கள் மூணு பேரையும் அழுத்தினார். பவுண்டு சரிஞ்சுட்டிருந்தப்போ பிரிட்டனுக்கு ஐ.எம்.எஃப் (சர்வதேச நாணய நிதியம்) பணம் போகாம பாத்துக்கிட்டார், இஸ்ரேலைத் தடை போடுவேன்னு மிரட்டினார், 1957 பிப்ரவரி 20 அன்னிக்கு டிவியில வந்து, அடுத்தவன் நிலத்துல போய் உக்காந்தவன் வெளிய வரதுக்கு கண்டிஷன் போடலாமான்னு நாட்டு மக்கள்கிட்டயே கேட்டார். மார்ச்ல இஸ்ரேல் வெளிய வந்துச்சு. அது சரியான அழுத்தம்னு நான் நினைக்கிறேன். சினாய் எகிப்தோடது. பிடிச்சு வச்சிருக்கறதைத் திருப்பிக் குடுன்னு நண்பனைச் சொல்றது வேற, நண்பனோட வீட்டைத் திருடனுக்கு எழுதிக் குடுன்னு சொல்றது வேற, ரெண்டுக்கும் "நிலத்தை விட்டுக்குடு"ங்கற ஒரே வார்த்தையைப் போடறதுனாலதான் இவ்ளோ குழப்பம்.

ஒரு நாடு நிலத்தை விட்டுக்குடுக்கறதே பாவமா?

இல்லவே இல்ல. பின்லாந்தைப் பாருங்க. 1939 நவம்பர் 30 சோவியத் யூனியன் படையெடுத்துச்சு, 105 நாள் தனியா நின்னு அடிச்சாங்க, உலகமே அசந்து போச்சு, ஆனா ஆளும் குண்டும் தீந்துடுச்சு. 1940 மார்ச்ல கரேலியாவைக் குடுத்து சமாதானம் பண்ணிக்கிட்டாங்க, நாட்டுல பத்துல ஒரு பங்கு நிலம். வீபுரிங்கற பெரிய நகரமும் போச்சு. அதிபர் கல்லியோ சம்மதம் குடுத்து கையெழுத்துப் போடும்போது, இதுல கையெழுத்துப் போட வேண்டி வந்த கை வாடிப் போகட்டும்னு சொன்னார். அதே வருஷம் கோடையில பக்கவாதம் வந்து அவரோட வலது கை செயலிழந்து போச்சு.

அந்த நிலத்துல இருந்த 4 லட்சத்துக்கு மேல ஜனங்க கிட்டத்தட்ட எல்லாருமே வீட்டை விட்டு பின்லாந்துக்குள்ள வந்துட்டாங்க, ஒருத்தரும் சோவியத் ஆட்சியில இருக்கத் தயாரா இல்ல. மிச்ச நாடு அவங்களுக்கு நிலம் பிரிச்சுக் குடுத்துச்சு, அதுக்குன்னு சட்டம் போட்டு, இருக்கறவன்கிட்டேருந்து எடுத்து வந்தவனுக்குக் குடுத்தாங்க. அதாவது போன நிலத்தோட பாரத்தை முழு நாடும் தோள்ல வாங்கிக்கிச்சு. முடிவு அவங்களோடது, சுமையும் அவங்களோடது, அதனாலதான் அதை சரண்டர்னு சொல்ல எனக்கு நா வரல. அதோட எல்லாம் அமைதியாயிடுச்சான்னா இல்ல, 1941ல அதே நிலத்தைத் திரும்ப எடுக்க ஜெர்மனி பக்கம் சேந்து போருக்குப் போய், 1944ல மறுபடி தோத்து இன்னும் கொஞ்சம் இழந்தாங்க, இதையும் சேத்துத்தான் சொல்லணும்.

மிரட்டலே இல்லாமலும் நிலம் கைமாறியிருக்கு. 2015ல இந்தியாவும் வங்கதேசமும் எல்லைக்குள்ள தீவு மாதிரி சிக்கிக் கிடந்த ஊருங்களை மாத்திக்கிட்டாங்க, இந்தியாவோட 111 அங்க போச்சு, அவங்களோட 51 இங்க வந்துச்சு. கணக்குப் பாத்தா இந்தியாவுக்குத்தான் நிலம் குறைவு. அரசியல் சாசனத்தைத் திருத்தி, நாடாளுமன்றத்துல ஓட்டுப் போட்டு, அங்க இருக்கற ஜனங்களையே எந்த நாட்டுக் குடிமகனா இருக்கப் போறீங்கன்னு கேட்டுப் பண்ணாங்க. யாரும் யாரோட கழுத்துலயும் கத்தி வைக்கல.

நிலம் முக்கியமா, உயிர் முக்கியமா? தலைக்கு வந்தது தலைப்பாகையோட போகட்டுமே?

இந்தக் கேள்விதான் என்னை ராத்திரி தூங்க விடாம பண்ணது. போர் ஒவ்வொரு நாளும் ஆளைத் தின்னுது, இருபது வயசுப் பசங்க சாகறாங்க, தூரத்துல உக்காந்துக்கிட்டு "விடாதே, சண்டை போடு"ன்னு சொல்றது எனக்கு ஒண்ணும் செலவில்லாத வீரம். அது எனக்குத் தெரியும். அதனாலதான் உக்ரைன் சண்டை போட்டே ஆகணும்னு நான் சொல்லல, சொல்ல எனக்கு உரிமையும் இல்ல. நிறுத்தணும்னு அவங்க முடிவு பண்ணா நிறுத்தட்டும்.

ஆனா நிலம் ஒரு பக்கம் உயிர் ஒரு பக்கம்னு தராசுல வைக்கறாங்க பாருங்க, அங்கதான் தப்பு நடக்குது. நிலத்துல உயிர்தான் இருக்கு. மேப்புல ஒரு கோடு நகந்தா டொனெட்ஸ்க்ல இருக்கற கிராமட்டோர்ஸ்க் ஊர்ல ஒரு கிழவியம்மாவுக்கு என்ன ஆகும்னு யோசிச்சுப் பாருங்க. பென்ஷன் வேற நாட்டு ஆபீஸ்லேருந்து வரணும், அதுக்கு வேற நாட்டு பாஸ்போர்ட் வேணும். வீட்டுப் பத்திரம் மறுபடி பதிவு பண்ணணும், இல்லன்னா ஆளில்லாத வீடுன்னு எடுத்துக்குவாங்க. பேரன் உக்ரைன் ராணுவத்துல இருந்திருந்தா அந்தக் குடும்பத்தைத் தேடி வருவாங்க. ஸ்கூல்ல பாடம் மாறும், மொழி மாறும். ஏற்கனவே பிடிச்ச இடங்கள்ல இதெல்லாம் நடந்திருக்கு, ரஷ்ய பாஸ்போர்ட் எடுக்காதவங்க அங்க தங்க ரஷ்யச் சட்டப்படி அனுமதி வாங்கணும், இல்ல கிளம்பணும்னு 2025ல உத்தரவே போட்டாங்க, அவங்க பொறந்து வளந்த ஊர்லயே. போகலாம்னாலும் எங்க போறது, எழுபது வயசுல. இவங்களும் உயிர்தானே, இவங்களை எந்தத் தட்டுல வைக்கறது?

மிச்சம் இருக்கற டொனெட்ஸ்க் ரொம்பச் சின்ன பகுதிதானே, அதுக்கா இவ்ளோ பிடிவாதம்?

பரப்பளவுல சின்னதுதான். ஆனா ஸ்லோவியான்ஸ்க், கிராமட்டோர்ஸ்க், த்ருஷ்கிவ்கா, கொஸ்தியன்டினிவ்கா, இந்த நாலு ஊரும் வடக்கு தெற்கா ஒரே ரோட்ல வரிசையா இருக்கு, 2014லேருந்து வருஷக்கணக்கா பள்ளம் வெட்டி, பங்கர் கட்டி, கண்ணி வச்சு அரணாக்கி வச்சிருக்காங்க. அதுக்கு மேற்கே திறந்த வெளி, கண்ணுக்கெட்டின தூரம் வயல். அரணை சண்டையில்லாம குடுத்துட்டா அடுத்த தடவை வரவனைத் தடுக்க வயல்ல புதுசா பள்ளம் வெட்டணும். சுடேட்டன் கதை இங்க அப்படியே திரும்பி வருது, அதனாலதான் மியூனிக்கைச் சொல்றேன், ஹிட்லரையும் புடினையும் ஒண்ணுன்னு சொல்றதுக்காக இல்ல.

பணம், ஆயுதம் எல்லாம் குடுக்கறவங்க கண்டிஷன் போடக் கூடாதா? அவங்க வரிப்பணம்தானே?

போடலாம். குடுத்த பணத்துக்குக் கணக்குக் கேக்கலாம், லஞ்சம் வாங்கறவனை வெளிய அனுப்புன்னு சொல்லலாம், என் ஏவுகணையை இன்ன இடத்துக்கு மேல அடிக்காதேன்னு சொல்லலாம், இதுக்கு மேல தர முடியாதுன்னு கையை விரிக்கலாம். அந்த நாட்டு வாக்காளனுக்கு அந்த உரிமை இருக்கு, இதைத் துரோகம்னு நான் சொல்ல மாட்டேன். கை விரிக்கறதுன்னா முன்கூட்டியே, வேற ஏற்பாடு பண்ணிக்க டைம் குடுத்துச் சொல்லணும். நடு ஆத்துல இறக்கி விடறதும், இறக்கி விட்டுடுவேன்னு மிரட்டி பத்திரத்துல கைநாட்டு வாங்கறதும் அந்த உரிமைக்குள்ள வராது.

சர்வதேச சட்டம் இதைப் பத்தி என்ன சொல்லுது?

பாதிதான் சொல்லுது. 1969 வியன்னா ஒப்பந்தச் சட்டம், 52வது பிரிவு, படைபலத்தைக் காட்டி மிரட்டி வாங்கின ஒப்பந்தம் செல்லாது. அதனால ரஷ்யா குண்டு போட்டு வாங்கற கையெழுத்துக்கு சட்டத்துல மதிப்பில்லன்னு வாதாட நல்ல இடம் இருக்கு. ஆனா நண்பன் பணத்தையும் ஆயுதத்தையும் நிறுத்தி வாங்கற கையெழுத்து? அந்த மாநாட்டுலயே நிறைய வளரும் நாடுங்க பொருளாதார மிரட்டலையும் அந்தப் பிரிவுல சேக்கணும்னு போராடினாங்க, பணக்கார நாடுங்க ஒத்துக்கல, கடைசியில தனியா ஒரு கண்டன அறிக்கை போட்டு முடிச்சுட்டாங்க. அந்த ஓட்டை வழியாத்தான் இன்னிக்கும் எல்லாம் நடக்குது.

உக்ரைனோட சொந்தச் சட்டமும் இருக்கு. அரசியல் சாசனம் 73வது பிரிவு, எல்லையை மாத்தறதுன்னா நாடு முழுக்க பொதுவாக்கெடுப்பு நடத்தித்தான் மாத்தணும். 157வது பிரிவு, ராணுவச் சட்டம் அமல்ல இருக்கும்போது சாசனத்தையே திருத்த முடியாது. அதாவது ஜெலென்ஸ்கியே ஆசைப்பட்டாலும் தனியாக் கையெழுத்துப் போட்டுக் குடுக்க அவருக்கு அதிகாரம் கிடையாது. ஒரு வாரத்துல கையெழுத்துப் போடுன்னு கெடு வச்சவங்க இதைப் படிச்சாங்களான்னே தெரியல.

நிலத்துக்குப் பதிலா பலமான செக்யூரிட்டி கேரண்டி குடுத்தா ஓகேவா?

கேரண்டி நிஜமா இருந்தா கணக்கே மாறும், ஒத்துக்கறேன். ஆனா நெருக்கி வாங்கின நிலத்துக்கு ஈடாக் குடுத்த கேரண்டிங்களோட வரலாறு ரொம்ப மோசம். மியூனிக் ஒப்பந்தத்தோட இணைப்புலயே மிச்ச செக்கோஸ்லோவாக்கியாவுக்கு பிரிட்டனும் பிரான்ஸும் கேரண்டி குடுத்தாங்க, இது நிறைய பேருக்குத் தெரியாது. 1939 மார்ச்ல ஹிட்லர் உள்ள வந்த அன்னிக்கு சேம்பர்லின் நாடாளுமன்றத்துல எந்திரிச்சு, ஸ்லோவாக்கியா தனியாப் பிரிஞ்சதுனால அந்த நாடே இப்ப இல்ல, இல்லாத நாட்டுக்குக் குடுத்த கேரண்டி எங்களைக் கட்டுப்படுத்தாதுன்னு விளக்கம் சொன்னார்.

தெற்கு வியட்நாம் இன்னொண்ணு. 1973 பாரிஸ் ஒப்பந்தத்துல வட வியட்நாம் படை தெற்குல பிடிச்ச இடத்துலயே இருந்துக்கலாம்னு விட்டாங்க. அதிபர் தியூ மாட்டேன்னு மாசக்கணக்கா நின்னார். அமெரிக்க அதிபர் நிக்சன் ஒரு பக்கம் உதவியை நிறுத்துவேன்னு சொன்னார், இன்னொரு பக்கம் வடக்கு மீறினா முழு பலத்தோட திருப்பி அடிப்பேன்னு தனிப்பட்ட லெட்டர் எழுதினார். தியூ பணிஞ்சார். அதே வருஷம் ஆகஸ்ட்லேருந்து அங்க அமெரிக்கா போர் நடவடிக்கை எடுக்கவே கூடாதுன்னு அமெரிக்க காங்கிரஸ் சட்டம் போட்டுச்சு, 1974ல நிக்சனே பதவியில இல்ல, 1975 ஏப்ரல் 30 சைகோன் விழுந்துச்சு. லெட்டர் லெட்டராவே இருந்துச்சு.

என்னைக் கேட்டா, கேரண்டி முதல்ல வரணும், அதுவும் நாடாளுமன்றத்துல ஓட்டுப் போட்டு, ஆளும் ஆயுதமும் அந்த மண்ணுல வந்து இறங்கினதுக்கு அப்புறம்தான் எல்லையைப் பத்திப் பேச்சே எடுக்கணும். நிலம் முதல்ல, கேரண்டி அப்புறம்ங்கற வரிசையை எவன் சொன்னாலும் நம்பக் கூடாது.

இதை மத்த நாடுங்க பாத்துட்டிருக்குன்னு சொல்றாங்களே, அது நிஜமா?

ஆமா. வல்லரசை நம்பி அணு ஆயுதம் வேணாம்னு இருக்கற நாடுங்க எத்தனையோ இருக்கு, தென் கொரியா, ஜப்பான், போலந்து. உக்ரைன் குண்டைக் குடுத்துட்டு பேப்பரை வாங்குச்சு, அந்தப் பேப்பரைக் குடுத்தவனே இப்ப நிலத்தையும் குடுன்னு கேட்டா, இந்த நாடுங்கள்ல உக்காந்திருக்கற யாருக்கு நம்பிக்கை வரும்? தென் கொரியாவுல நாமளே குண்டு செய்யணும்னு பேசறவங்க ஒண்ணு ரெண்டு பேர் இல்ல, கருத்துக்கணிப்புங்கள்ல பாதிக்கு மேல ஜனங்க அதைத்தான் சொல்றாங்க. இதுக்கு வட கொரியாதான் பெரிய காரணம், ஆனா நண்பன் மேல சந்தேகமும் அதுல கலந்திருக்கு.

சரி, போர் நிக்கணும்னு நிஜமாவே நினைக்கற வல்லரசு என்னதான் பண்ணணும்?

அழுத்தத்தைப் படையெடுத்தவன் மேல போடணும், முதல் வேலை அது. பேச்சுவார்த்தை மேஜையில நிலத்துக்குச் சொந்தக்காரனை உக்கார வைக்கணும், அவன் இல்லாம மேப்பைத் தொடக் கூடாது. இப்ப இருக்கற கோட்டுல சண்டையை நிறுத்தறதுங்கறதும், அந்த நிலத்தைச் சட்டப்படி எழுதிக் குடுக்கறதுங்கறதும் வேற வேறன்னு புரிஞ்சுக்கணும், முதலாவதை உக்ரைன் 2025 மார்ச்லயே ஏத்துக்கிச்சு. எழுதிக் குடுக்காம நிறுத்தறதுக்கு முன்னுதாரணமும் இருக்கு, பால்டிக் நாடுங்க மூணையும் (எஸ்டோனியா, லாட்வியா, லிதுவேனியா) 1940ல சோவியத் யூனியன் விழுங்குச்சு, அமெரிக்கா அதைச் சட்டப்படி ஒரு நாளும் ஏத்துக்கல, போரும் போடல. அமெரிக்காவுல அவங்களோட பழைய தூதரக ஆபீசுங்களை ஐம்பது வருஷம் இயங்க விட்டாங்க. 1991ல அந்த நாடுங்க திரும்ப வந்தப்போ அந்தக் கதவு திறந்தே இருந்துச்சு.

உக்ரைன் மக்களே ஓட்டுப் போட்டு "குடுத்துடலாம்"னு சொன்னா?

அப்போ குடுக்கட்டும். நான் ஒரு வார்த்தை பேச மாட்டேன். ஆனா அந்த ஓட்டு எப்படி நடக்கணும்னு மட்டும் சொல்றேன். முதல்ல குண்டு நிக்கணும், ஏவுகணை விழுந்துட்டிருக்கும்போது பூத்துல வரிசை நிக்க முடியாது, ராணுவச் சட்டம் இருக்கற வரைக்கும் அவங்க சட்டப்படி வாக்கெடுப்பு நடத்தவும் முடியாது. போலந்து, ஜெர்மனின்னு போய்க் கிடக்கற லட்சக்கணக்கான பேருக்கும் ஓட்டு வேணும். பதுங்கு குழியில இருக்கற சிப்பாய்க்கும் வேணும். ராத்திரி விளக்கை அணைச்சுட்டு சைரனைக் கேட்டுட்டிருக்கற ஸ்லோவியான்ஸ்க் ஜனங்களுக்கு முதல்ல வேணும், ஏன்னா கோடு அவங்க வீட்டு மேலதான் போகப் போகுது. கேள்வி சீட்டுல ரெண்டு பக்கமும் தெளிவா எழுதியிருக்கணும், குடுத்தா என்ன கிடைக்கும், யார் கையெழுத்து, எத்தனை சிப்பாய், எந்தத் தேதியில. "இல்லன்னா உதவியை நிறுத்திடுவோம்"ங்கற மிரட்டல் அன்னிக்கு அவங்க தலைக்கு மேல தொங்கக் கூடாது.